வியூஃபைண்டர் மங்கல்: எனக்கு +2.5, கேமராச் சக்கரமோ +0.5 வரைதான்

பாலாற்றங்கரை | சனி, இரவு 8.40

அனைவருக்கும் வணக்கம். வேலூர் காகிதப்பட்டறையில் இருக்கிறேன். வயது 60, பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். மகள் வேலைக்காகச் சென்னை போனபோது விட்டுச் சென்ற நிக்கான் டி5600 வீட்டில் இருந்தது. மைத்துனர் தன்னிடமிருந்த பழைய 50 மி.மீ. எஃப்/1.8 டி லென்ஸைக் கொடுத்தார். காலையில் கோட்டை அகழியைச் சுற்றி நடக்கும்போது கையோடு எடுத்துப் போகிறேன்.

அந்த லென்ஸ் இந்தக் கேமராவில் தானாக ஃபோகஸ் ஆகாது. அதைத் திருப்பும் மோட்டார் கேமராவுக்குள் இல்லை. கையால்தான் வளையத்தைத் திருப்ப வேண்டும். அதில் எனக்கு வருத்தமில்லை, அந்த நிதானம் பிடித்திருக்கிறது. ஆனால் கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரில் எதுவுமே பளிச்சென்று தெரியவில்லை. மதில் கல், அகழித் தண்ணீர், கோபுரம் எல்லாம் மார்கழிப் பனிக்குள் இருப்பது போல இருக்கிறது. படிக்கப் போடும் +2.5 கண்ணாடியோடு பார்த்தால் கொஞ்சம் தேறுகிறது, முழுதாகத் தெளியவில்லை. தூரத்துக்கு எனக்குக் கண்ணாடி கிடையாது. பஸ் போர்டு நன்றாகப் படிக்கிறேன்.

கடையொன்றில் கேட்டேன். "சார், உங்க பவர் +2.5, இந்தக் கேமராவுல +0.5 வரைக்கும்தான் திருப்ப முடியும், பத்தாது, மேலே மாட்ட தனி லென்ஸ் வரவழைக்கணும்" என்றார்கள். வாங்கத் தயார்தான். அதற்குமுன் இங்கே ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று எழுதுகிறேன்.

காட்பாடி ஜங்ஷன் | சனி, இரவு 8.58

சார், வாங்காதீங்க, பொறுங்க. வியூஃபைண்டருக்கு வலது பக்கம் சின்னதாக ஒரு சக்கரம் இருக்கும். ஜன்னல் வழியே ஏதாவது ஒரு மரத்தைப் பார்த்துக்கொண்டே அதைத் திருப்புங்கள். மரம் தெளிவாகத் தெரியும் இடத்தில் விட்டுவிடுங்கள். அவ்வளவுதான்.

ஆம்பூர் லென்ஸ் | சனி, இரவு 9.10

தம்பி, பாதி சரி. சக்கரம் அதுதான். ஆனால் மரத்தைப் பார்த்துத் திருப்பக் கூடாது. இங்கேதான் பலரும் தவறு செய்கிறார்கள்.

லென்ஸ் வழியே வரும் படம் கேமராவுக்குள் ஒரு சின்னத் திரையில் விழுகிறது. நாம் ஐபீஸ் வழியே, அதாவது கண் வைக்கும் துளை வழியே, பார்ப்பது அந்தத் திரையைத்தான். சக்கரம் திருப்புவது ஐபீஸுக்குள் இருக்கும் லென்ஸை. அந்தத் திரை உங்கள் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும், அதற்குத்தான் அது இருக்கிறது. மரம் மங்கலாகத் தெரிந்தால் காரணம் லென்ஸின் ஃபோகஸாக இருக்கலாம், உங்கள் கண்ணாகவும் இருக்கலாம். இரண்டில் எது என்று மரம் சொல்லாது. ஆனால் வியூஃபைண்டருக்குள் தெரியும் ஃபோகஸ் புள்ளிகளும் கீழே ஓடும் எண்களும் லென்ஸோடு சம்பந்தமில்லாதவை. லென்ஸ் எவ்வளவு மங்கலாக இருந்தாலும் அவை அப்படியே இருக்கும். அவற்றைப் பார்த்துத்தான் திருப்ப வேண்டும்.

ஐயா, லென்ஸ் மூடியைக் கழற்றிவிட்டு ஒரு வெள்ளைச் சுவரைப் பாருங்கள். ஃபோகஸ் வளையத்தை வேண்டுமென்றே தாறுமாறாகத் திருப்பிச் சுவரை மங்கலாக்கிவிடுங்கள். அப்போது கவனம் சுவரின் மேல் போகாது. ஷட்டர் பொத்தானைப் பாதி அழுத்தினால் எண்கள் எரியும். அவற்றின் விளிம்பு கூர்மையாகும் வரை சக்கரத்தைத் திருப்புங்கள். பகலில் செய்தால் வெறும் வானத்தைப் பார்த்தும் செய்யலாம், சூரியன் இருக்கும் பக்கம் மட்டும் வேண்டாம்.

பாலாற்றங்கரை | சனி, இரவு 9.35

ரொம்ப நன்றி. டியூப் லைட் வெளிச்சத்தில் சுவரைப் பார்த்துச் செய்தேன். சக்கரம் ஒரு ஓரத்தில் போய் முட்டிக்கொண்டு இருந்தது. இன்னொரு பக்கம் திருப்பத் திருப்ப எண்கள் தெளிகின்றன! ஆனால் ஒரு சந்தேகம் போகவில்லை. கடையில் சொன்ன கணக்குப்படி எனக்கு +2.5 வேண்டுமே. +0.5-க்குள் எப்படித் தெளிகிறது? இப்போது தெளிவது மாதிரி தெரிவது என் ஆசையா, உண்மையா?

கண்ணளவு | சனி, இரவு 10.20

ஐயா, உண்மைதான். நான் ராணிப்பேட்டையில் கண் பரிசோதகராக வேலை செய்கிறேன். இந்த +2.5 குழப்பத்தோடு மாதத்துக்கு ஒருவராவது வருகிறார்கள், கேமராவுக்காக இல்லை, கம்ப்யூட்டருக்காக. அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

உங்கள் +2.5 கண்ணின் குறை அல்ல, ஒரு தூரத்தின் எண். டயாப்டர் என்பது மீட்டரில் சொல்லும் தூரத்தைத் தலைகீழாகப் போட்டது. 1-ஐ 2.5-ஆல் வகுத்தால் 0.4 மீட்டர், அதாவது 40 செ.மீ. செய்தித்தாளைப் பிடிக்கும் தூரம். வயது ஏற ஏறக் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் இறுகிக்கொண்டே வந்து, 40-க்கு மேல் கிட்டே இருப்பதைப் பார்க்க அதனால் வளைந்துகொடுக்க முடியாமல் போகிறது. இதைத்தான் நம் பெரியவர்கள் வெள்ளெழுத்து என்றார்கள். அந்த 40 செ.மீ. வேலைக்கு மட்டும்தான் உங்களுக்கு +2.5 வேண்டும். பஸ் போர்டுக்கு வேண்டாம்.

அப்படியானால் வியூஃபைண்டர் எந்தத் தூரம்? கண்ணை ஒட்டி வைத்துப் பார்க்கிறோம், அதனால் மிகக் கிட்டே என்று தோன்றும். ஆனால் ஐபீஸ் ஒரு பூதக்கண்ணாடி போல அந்தத் திரையைத் தள்ளி நிறுத்திக் காட்டுகிறது. உங்களுடையது போல உள்ளே கண்ணாடி வைத்து லென்ஸின் படத்தைத் திருப்பிக் காட்டும் எஸ்எல்ஆர் கேமராக்களில் வழக்கமான நடு அமைப்பு −1, அதாவது ஒரு மீட்டர் தள்ளி இருப்பது போல. 0-வில் வைத்தால் அடிவானத் தூரம். டி5600-இல் சக்கரம் −1.7 முதல் +0.5 வரை போகும். தூரப் பார்வை நன்றாக இருக்கும் ஒருவருக்கு, வயது 60 ஆனாலும், 0-வை ஒட்டி எங்கேயாவது தெளிந்துவிடும். உங்களுக்கு அந்தச் சக்கரமே போதும்.

ஒன்று கேட்கிறேன். உங்கள் மகளுக்குக் கிட்டப்பார்வை உண்டா? மைனஸ் பவர் கண்ணாடி போடுகிறாரா?

பாலாற்றங்கரை | சனி, இரவு 10.31

ஆமாம். −2. கேமரா பார்க்கும்போது கண்ணாடியைக் கழற்றித் தலைமேல் வைத்துக்கொள்வாள்.

கண்ணளவு | சனி, இரவு 10.44

அதுதான் விஷயம். அவர் தன் கண்ணுக்கு ஏற்றபடி மைனஸ் ஓரம் வரை திருப்பி வைத்திருக்கிறார். −1.7 என்றால் படம் 59 செ.மீ. தூரத்தில் இருப்பது போல. அவருக்கு அது கிட்டத்தட்டச் சரி. வெறும் கண்ணால் பார்க்கும் உங்களுக்கு அது ரொம்பக் கிட்டே, அதனால் பனி. +2.5 கண்ணாடியோ 40 செ.மீ.க்கானது, 59-க்கு அது கொஞ்சம் அதிகம். அதனால்தான் "கொஞ்சம் தேறுகிறது, முழுதாகத் தெளியவில்லை" என்று எழுதினீர்கள். அந்த ஒரு வரியைப் படித்ததுமே எனக்குச் சந்தேகம் வந்தது.

ஏலகிரி மேகம் | ஞாயிறு, காலை 6.15

படிக்கப் படிக்க ஒன்று நினைவுக்கு வந்தது. ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகத்துக்குப் போயிருந்தபோது, சின்னத் தொலைநோக்கி வழியே நிலவைப் பார்க்க வரிசையில் நின்றோம். எனக்கு முன்னால் பார்த்தவர் குமிழைத் திருப்பிவிட்டு "ஆஹா" என்றார். நான் கண் வைத்தால் மங்கல். எனக்குப் பின்னால் நின்ற பெண் மறுபடி திருப்பினார். அங்கே எல்லோரும் அதை இயல்பாகச் செய்கிறார்கள். கேமராவில் மட்டும் நமக்கு அந்தச் சக்கரம் இருப்பதே தெரியவில்லை.

அப்புறம் ஒரு கேள்வி. போன மாதம் ஒரு கல்யாணத்தில் எடுத்த படங்கள் பாதி கூர்மையில்லாமல் போயின. என் சக்கரமும் இடம் மாறித்தான் இருக்கிறது, இப்போதுதான் பார்த்தேன். அதுதான் காரணமா?

ஆம்பூர் லென்ஸ் | ஞாயிறு, காலை 7.02

ஆட்டோஃபோகஸில் எடுத்தீர்களா? அப்படியானால் காரணம் அதுவல்ல. எஸ்எல்ஆரில் ஃபோகஸ் பார்ப்பது கேமராவுக்குள் இருக்கும் கண்ணாடிக்குக் கீழே உள்ள தனி உணரி. அதற்கும் உங்கள் ஐபீஸுக்கும் தொடர்பில்லை. சக்கரத்தை எங்கே வைத்தாலும் படத்தில் ஒரு மயிரிழை கூட மாறாது. ஷட்டர் வேகத்தைப் பாருங்கள், மண்டப விளக்கில் 1/60-இல் எடுத்தால் ஆள் அசைந்தாலே போச்சு.

கண்ணளவு | ஞாயிறு, காலை 7.40

ஆம்பூர் அண்ணா சொல்வது ஆட்டோஃபோகஸுக்கு முழுக்கச் சரி. ஆனால் ஆசிரியர் ஐயா கையால் ஃபோகஸ் செய்கிறார். அங்கே "ஒரு மயிரிழை கூட மாறாது" என்று சொல்லிவிட முடியாது.

இன்றைய கேமராக்களின் திரை வெளிச்சத்துக்காக மெல்லியதாக, பளிங்கு போலச் செய்யப்படுகிறது. திரையைத் தெளிவாகப் பார்க்க முடியாத கண், அதில் விழும் படத்தைப் பார்க்காமல், திரைக்குக் கொஞ்சம் முன்னாலோ பின்னாலோ காற்றில் நிற்கும் படத்தைப் பிடித்துக்கொள்ளலாம். அப்போது கண்ணுக்குக் கூர்மையாகத் தெரியும் இடம் ஒன்று, சென்சாரில் கூர்மையாக விழும் இடம் வேறொன்று. சக்கரம் படத்தைக் கெடுக்காது, ஆனால் ஃபோகஸ் வளையத்தைத் திருப்பும் கையைத் தவறாக நடத்தும்.

ஆம்பூர் லென்ஸ் | ஞாயிறு, காலை 7.55

ஒத்துக்கொள்கிறேன். கையால் ஃபோகஸ் செய்வதை நான் யோசிக்கவில்லை.

ஐயா, இதைச் சோதிக்க உங்கள் கேமராவிலேயே ஒரு வழி உண்டு. அந்த லென்ஸோடு கையால் திருப்பும்போதும், ஃபோகஸ் சரியானால் வியூஃபைண்டரின் கீழ் இடது மூலையில் ஒரு பச்சைப் புள்ளி எரியும். அசையாத ஒன்றைப் பார்த்துப் புள்ளி நிலையாக எரியும் வரை திருப்புங்கள். புள்ளி எரியும்போது உங்கள் கண்ணுக்கும் பொருள் கூர்மையாகத் தெரிந்தால் சக்கரம் சரியான இடத்தில் இருக்கிறது. புள்ளி எரிந்தும் மங்கலாகவே இருந்தால் சக்கரத்தை இன்னொரு முறை பாருங்கள்.

பழைய ஃபிலிம் | ஞாயிறு, காலை 10.30

குடியாத்தத்தில் 30 வருஷம் ஸ்டூடியோ வைத்திருந்தேன். இந்த இழையைப் பேரன் காட்டினான். ஆசிரியர் ஐயா, உங்கள் பனி எனக்கு நன்றாகத் தெரிந்த பனி.

என் கையில் இருந்தது நிக்கான் எஃப்எம்2. அதில் சக்கரமே கிடையாது. ஐபீஸில் திருகி மாட்டும் சின்ன வட்ட லென்ஸ் தனியாக வரும், ஆனால் அந்த நாளில் நம் ஊரில் யார் கண்டார்கள். நாற்பது தாண்டி நாலைந்து வருஷம் இருக்கும். வைகாசி முதல் நாள், கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. அம்மன் சிரசு வருகிறது, கூட்டம் நெரிக்கிறது, வியூஃபைண்டரில் பார்த்தால் நேற்றுவரை இருந்த கூர்மை இல்லை. லென்ஸில் பூஞ்சை பிடித்துவிட்டது என்றே முடிவு செய்தேன். கழற்றித் துடைத்தேன், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், லென்ஸ் சுத்தமாக இருக்கிறது. கண் என்று மனசுக்குத் தோன்றவே இல்லை. படம் பிடிக்கிறவனுக்குக் கண்ணின் மேல் சந்தேகம் வருவது லேசில்லை.

அன்றைக்கு என்னைக் காப்பாற்றியது எஃப்எம்2-இன் திரை. நடுவே ஒரு வட்டம், அதைக் குறுக்கே வெட்டும் ஒரு கோடு. ஃபோகஸ் தவறினால் தூண் இரண்டாக உடைந்து தெரியும், சரியானால் ஒட்டிக்கொள்ளும். கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தாலும் உடைந்த கோடு உடைந்த கோடுதான், பிடிபட்டுவிடும். அதை வைத்தே அந்த நாளை ஓட்டினேன். பிறகு ஒரு கண்ணாடிக் கடைக்காரர், கேமராவைக் கண்ணில் வைக்கச் சொல்லி, சோதனை லென்ஸ்களை ஒவ்வொன்றாக ஐபீஸின் முன்னே பிடித்துப் பார்த்தார். +1-இல் எனக்குக் கண் திறந்தது. அதையே வட்டமாக அறுத்து, ரப்பர் வளையத்துக்குள் பொருத்திக் கொடுத்தார். ஸ்டூடியோவை மூடும்வரை அந்த வில்லை கேமராவிலேயே இருந்தது.

உங்கள் டி5600-இல் அந்தப் பிளவு வட்டம் கிடையாது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். இப்போதைய திரைகள் எஃப்/1.8-இல் உள்ள உண்மையான மெல்லிய ஃபோகஸைக் காட்டுவதில்லை. ஏறக்குறைய எஃப்/2.8, எஃப்/4 அளவுக்கு ஆழம் இருப்பது போலக் காட்டிவிடும். சக்கரத்தைச் சரியாக வைத்தாலும் எஃப்/1.8-இல் கண்ணை மட்டும் நம்பாதீர்கள், பச்சைப் புள்ளியையும் பாருங்கள். லென்ஸின் துளையை எஃப்/4-க்குச் சுருக்கி எடுத்தால் நிம்மதி.

காட்பாடி ஜங்ஷன் | ஞாயிறு, பகல் 12.05

தாத்தா, இதைப் படித்ததும் நானும் என் சக்கரத்தைப் பார்த்தேன். எனக்கு 24 வயது, கண்ணாடி கிடையாது. சக்கரத்தின் எந்த இடத்திலும் எண்கள் தெளிவாகவே தெரிகின்றன. அப்படியானால் எனக்கு இது தேவையில்லையா? ஆனால் முகூர்த்தம் எடுத்துவிட்டு வந்தால் வலது புருவத்துக்கு மேல் ஒரு வலி இருக்கும்.

கண்ணளவு | ஞாயிறு, பகல் 12.40

தம்பி, உங்களுக்குத்தான் அதிகம் தேவை. இளம் கண் எந்தத் தூரத்துக்கும் தன்னை வளைத்துக்கொண்டு "தெளிவு" என்று சொல்லிவிடும். அதற்குக் கண்ணுக்குள் ஒரு தசை இறுகி நிற்க வேண்டும். நாலு மணி நேரம் அப்படியே நின்றால் வலிக்கலாம்.

கண் பரிசோதனையில் நாங்கள் செய்வதையே நீங்களும் செய்யுங்கள். முதலில் ஒரு நிமிடம் தூரத்தைப் பாருங்கள், காட்பாடியில் மலைக்கா பஞ்சம். பிறகு சக்கரத்தை முழுக்கப் பிளஸ் பக்கம் கொண்டுபோங்கள். எண்கள் கொஞ்சம் மங்கலாம். அங்கிருந்து மைனஸ் பக்கம் மெதுவாக வாருங்கள். முதன்முதலில் எப்போது கூர்மையாகிறதோ அங்கேயே நிறுத்துங்கள். இன்னும் கொஞ்சம் திருப்பினால் எண்கள் அழுத்தமாக, சின்னதாக, இன்னும் நன்றாக இருப்பது போலத் தோன்றும். அது வேண்டாம், அங்கிருந்து கண்தான் உழைக்கத் தொடங்குகிறது.

அப்படியும் வலி போகவில்லையென்றால் கண்ணைச் சோதித்துக்கொள்ளுங்கள்.

வாலாஜா சாலை | ஞாயிறு, மாலை 4.20

என் பிரச்சினை வேறு. சக்கரத்தை எங்கே வைத்தாலும் கட்டக்கோடுகளில் படுக்கைக் கோடு தெளிந்தால் நெட்டுக் கோடு மங்குகிறது, நெட்டுக் கோடு தெளிந்தால் படுக்கை மங்குகிறது. கேமராவைச் செங்குத்தாகப் பிடித்தால் அப்படியே தலைகீழ். கேமரா பழுதா?

கண்ணளவு | ஞாயிறு, மாலை 5.00

செங்குத்தாகப் பிடித்தும் பார்த்தீர்களே, அதுவே பதிலைச் சொல்லிவிட்டது. கேமராவைத் திருப்பினால் கோடு மாறுகிறது, கண்ணின் அச்சு மாறவில்லை. உங்கள் கண்ணாடிச் சீட்டில் சிலிண்டர் என்ற கட்டத்தில் ஒரு எண் இருக்கும். கருவிழி ஒரு திசையில் கூடுதலாக வளைந்திருப்பது அது. சக்கரம் எல்லாத் திசைக்கும் ஒரே அளவில் மாற்றும், ஒரு திசைக்கு மட்டும் மாற்றத் தெரியாது. நீங்கள் கண்ணாடி போட்டுக்கொண்டே பார்க்க வேண்டும்.

போட்டுக்கொண்டு, அதன் பிறகு சக்கரத்தைச் சரி செய்யுங்கள். இந்த வரிசை முக்கியம். இரண்டு பவர் கண்ணாடி என்றால் மேல் பாதி வழியாகப் பாருங்கள். ரப்பர் வளையம் மடங்குமானால் மடித்துக்கொள்ளுங்கள், கண் கொஞ்சம் கிட்டே போகும், ஓரங்கள் மறையாது. ரப்பர் கழன்று போயிருந்தால் புதிது போடுங்கள், வெறும் பிளாஸ்டிக் கண்ணாடியைக் கீறும்.

ஏலகிரி மேகம் | ஞாயிறு, மாலை 5.25

என் மாமாவுக்கு −5. சிலிண்டர் இல்லை. கண்ணாடி இல்லாமல் பார்க்க விரும்புகிறார். அவருக்குத் தனி லென்ஸ் உண்டா?

ஆம்பூர் லென்ஸ் | ஞாயிறு, மாலை 5.50

உண்டு. நிக்கானில் டிகே-20சி என்று ஐபீஸின் மேல் சொருகும் லென்ஸ், −5 முதல் +3 வரை. கேனனில் இ-வரிசை, −4 முதல் +3 வரை. கேமராவுக்குக் கேமரா பொருத்தம் மாறும், அந்த லென்ஸில் எழுதியிருக்கும் எண்ணைக் கண்ணாடிச் சீட்டில் உள்ள எண்ணோடு நேரே ஒப்பிடவும் கூடாது. அவருடைய கேமராவில் வைத்துப் பார்த்துவிட்டு வாங்கச் சொல்லுங்கள். உள்ளே கண்ணாடி இல்லாமல் வியூஃபைண்டரில் மின்திரை வைத்த புதிய மிரர்லெஸ் கேமரா வாங்குவதாக இருந்தால் சக்கரத்தின் எல்லையையும் கேட்டு வாங்கலாம். சோனி ஏ7 III-இல் −4 முதல் +3 வரை அதிலேயே இருக்கிறது.

பாலாற்றங்கரை | புதன், இரவு 7.30

மூன்று நாள் காலையும் அகழியோரம் போய்வந்தேன். ஜலகண்டேஸ்வரர் கோபுரத்தைப் பார்த்துப் பச்சைப் புள்ளி எரியும்வரை திருப்பினேன். புள்ளி எரிந்த அதே நொடியில் கோபுரத்துச் சுதைப் பொம்மைகளின் விரல்கள் தெரிந்தன. வியூஃபைண்டரில் விரல் தெரியும் என்று நான் நினைத்ததே இல்லை. சக்கரத்தை முழுக்கப் பிளஸ் வரை கொண்டுபோய் அங்கிருந்து திரும்பி வந்தேன். எனக்குத் தெளியும் இடம் பிளஸ் ஓரத்திலிருந்து கொஞ்சம் உள்ளே.

ஒரு சிரமம் மிச்சம். வியூஃபைண்டருக்கு வெறும் கண், எடுத்த படத்தைப் பின் திரையில் பார்க்க +2.5. நிமிடத்துக்கு ஒருமுறை கண்ணாடியைப் போட்டுக் கழற்ற வேண்டியிருக்கிறது. நேற்று ஒருமுறை நடைபாதை மேடையிலேயே வைத்துவிட்டு வந்து, திரும்பப் போய் எடுத்தேன்.

பழைய ஃபிலிம் | புதன், இரவு 8.05

கழுத்தில் கயிறு போட்டுத் தொங்கவிடுங்கள் ஐயா. இன்னொரு வழியும் உண்டு: ஒவ்வொரு படத்தையும் உடனே பார்க்காதீர்கள். ஒரு சுற்று முடித்து, திண்டில் உட்கார்ந்து, கண்ணாடி போட்டு மொத்தமாகப் பாருங்கள். எங்களுக்கு ஃபிலிம் கழுவிய பிறகுதான் தெரியும், அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்.

கண்ணளவு | புதன், இரவு 8.40

மிரர்லெஸ் கேமரா என்றால் எடுத்த படத்தையும் மெனுவையும் வியூஃபைண்டருக்குள்ளேயே பார்த்துக்கொள்ளலாம், கண்ணாடியைத் தொடவே வேண்டாம். உங்கள் கேமராவில் அது முடியாது. மேலே பவர் இல்லாமல், கீழே +2.5 வைத்த கண்ணாடி செய்துகொண்டால் கழற்றவே வேண்டியதில்லை. மேல் பாதியால் வியூஃபைண்டர், கீழ்ப் பாதியால் திரை.

ஒன்று மட்டும் மனதில் வையுங்கள். இப்போது சரியாக வைத்த இடம் சில மாதங்களில் மங்கி, சக்கரத்தை எந்தப் பக்கம் திருப்பியும் தெளியவில்லை என்றால் கேமராவை விட்டுவிட்டுக் கண்ணைக் காட்டுங்கள். இந்த வயதில் புரை தொடங்கலாம், அதைச் சக்கரத்தால் சரி செய்ய முடியாது. உங்கள் வீட்டிலிருந்து ஆரணி சாலை ஷெல் கண் மருத்துவமனை தூரமில்லையே.

பாலாற்றங்கரை | புதன், இரவு 9.15

கட்டாயம் காட்டுகிறேன். கண்ணாடியும் அப்படியே செய்யச் சொல்கிறேன்.

மகள் பொங்கலுக்கு வருகிறாள், கேமராவைக் கேட்பாள். சக்கரத்தில் எண் எதுவும் இல்லை, அவள் திருப்பினால் என் இடம் தொலைந்துவிடும். அதனால் வீட்டில் இருந்த நகப்பூச்சில் இரண்டு புள்ளி வைத்திருக்கிறேன், சக்கரத்தின் விளிம்பில், குண்டூசி முனையால் தொட்டு. சிவப்பு எனக்கு, மைனஸ் ஓரத்தில் ரோஸ் நிறம் அவளுக்கு. நேற்று போனில் சொன்னேன். "என் பவர் இப்போ −2.25 பா, நான் வந்து சரி பார்க்கிறேன்" என்றாள்.